கெடுத்துக் காட்டச் சொன்னவர்

ஓடுகிற பொருளை வேண்டுமென்றே கெடுக்கிற மனிதர் ஒருவரோடு நான் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். பொருள் கெட்டுக் கிடக்கும்போது அவர் நன்றாகத்தான் இருப்பார். சாப்பிடுவார், சிரிப்பார். அது தானாகச் சரியாகிவிட்டால்தான் வம்பு. முகம் சுருங்கிவிடும். மறுபடி கெடுகிற வரைக்கும் அவரும் வீட்டுக்குப் போக மாட்டார், நம்மையும் போக விட மாட்டார்.

"தானா சரியானது தானா கெடும்மா" என்பார். ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது இதைக் கேட்டிருப்பேன். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஏழு பேர். முதலாளி செந்தில், பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்கான கீபோர்டு செய்தோம். சாதாரணக் கீபோர்டில் பட்டன் அழுந்தியிருக்கும், இல்லையென்றால் அழுந்தாமல் இருக்கும். அவ்வளவுதான். எங்களுடையதில் ஒவ்வொரு பட்டனிலும் ஒரு சின்னக் காந்தம், அதற்குக் கீழே ஒரு சென்சார். பட்டன் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று சென்சார் ஓர் எண்ணாகச் சொல்லும். பாதி அழுத்தினால் திரையில் இருக்கிற ஆள் நடப்பான், முழுக்க அழுத்தினால் ஓடுவான். எவ்வளவு இறங்கினால் அழுத்தியதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஆடுகிறவரே வைத்துக்கொள்ளலாம். மயிரிழை அளவுகூட வைக்கலாம்.

அந்த எண்ணைப் படித்து முடிவெடுக்கிற நிரல் கீபோர்டுக்கு உள்ளேயே ஓடும். பர்ம்வேர் என்போம். அது அவர் எழுதியது. கம்ப்யூட்டர் திரையில் அளவுகளை மாற்றுகிற செட்டிங்ஸ் பக்கம் நான் எழுதியது. அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எனக்கு அது முதல் வேலை. சோழவந்தானிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அம்மா கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கு இதுதான் காரணம் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் அவருடைய ஸ்கூட்டர் கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே இரண்டாவது ஸ்டாப் வரைக்கும் வந்திருக்கிறார். அங்கே சும்மா ஒரு தடவை பட்டனை அமுக்க, கிளம்பிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஏறி வந்திருப்பார்கள். இவர் அணைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். மறுபடி எப்போது கிளம்பாமல் போகும் என்று பார்க்க வேண்டுமாம். ஆபீசில் அவருக்காக ஒரு மீட்டிங் காத்துக்கிடந்தது. செந்தில் போன் செய்தார்.

"எங்கண்ணே இருக்கீங்க?"

"ரெண்டாவது ஸ்டாப்புல. வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சுங்க."

"அப்ப வாங்க."

"அதான் வர முடியல."

செந்தில் போனை என்னிடம் நீட்டி, நீயே பேசு என்று சைகை காட்டினார். பேசினேன். என்ன பேசினேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது.

பல் வலிக்கும் அப்படித்தான். ஒரு வாரம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார், டாக்டரிடம் போகவில்லை. எட்டாம் நாள் வலி நின்றுபோனது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனார். "வலிக்கிறப்ப எங்க வலின்னு தெரியும்மா. நின்னுருச்சுன்னாத்தான் பயம்" என்றார்.

அவர் சௌராஷ்டிரக்காரர். கைத்தறி நகரில் வீடு. வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் பாஷையில் பேசுவார். நடுவில் வருகிற ரீசெட், பிளக் மட்டும் எனக்குப் புரியும். வேலையில் சிக்கல் வந்தாலும் அதே பாஷையில் முனகுவார். நிரலைத் திட்டுகிறாரா, கொஞ்சுகிறாரா என்று தெரியாமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன். "எண்ணிக்கிட்டு இருக்கேன்மா" என்றார். சின்ன வயதில் அவர் அப்பாவுக்குத் தறிப் பாவில் இழை எண்ணிக் கொடுத்த பழக்கமாம். எண்களை மட்டும் அந்தப் பாஷையில்தான் நம்புவார் போல.

ஒரு சித்திரை மாதம். எங்கள் கீபோர்டை வாங்கிய ஒருவர், மத்தியான நேரத்தில் ஒரு பட்டன் தானாக அழுந்துவது போல எழுத்துகளைக் கொட்டுகிறது என்று புகார் சொன்னார். சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டு, இப்போது சரியாக இருக்கிறது என்றார். நான் புகாரை முடித்து வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் இவர் அதை மறுபடி திறந்து வைத்திருக்கிறார்.

"அது சரியாயிருச்சுண்ணே."

"நீ என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல."

"அப்ப எப்படிச் சரியாகும்?"

"ஆயிருச்சு. அவரே சொல்லிட்டாரு. விடுங்களேன்."

விடவில்லை. அதே மாதிரி ஒரு கீபோர்டையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். மத்தியானம் ஒரு மணி. கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டிய இரண்டு வேலைகள் கிடந்தன. மூன்று மணிக்கு இறங்கி வந்தார். முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

"கெட்டுருச்சும்மா" என்றார். வீட்டில் பிள்ளை பிறந்த சேதியைச் சொல்கிறவர் மாதிரி.

காரணம் இதுதான். எங்கள் ஆபீசில் ஏசி அறையில், மர மேசை மேல் வைத்துத்தான் ஒவ்வொரு பட்டனும் சும்மா இருக்கும்போது என்ன எண் காட்டுகிறது என்று பதிந்துகொள்வோம். வெயில் ஏறினால் காந்தத்தின் பலம் கொஞ்சம் குறையும். எண் மாறும். மயிரிழை அளவு வைத்திருக்கிற ஆளுக்கு அந்தக் கொஞ்சமே போதும். யாரும் தொடாமலே பட்டன் அழுந்தியதாக நிரல் நினைத்துக்கொள்ளும்.

நான் உடனே வழி சொன்னேன். ஒவ்வொரு தடவை பிளக் மாட்டும்போதும் சும்மா இருக்கிற எண்ணைப் புதிதாக எடுத்துக்கொள்ளட்டும். வெயிலோ குளிரோ, கதை முடிந்தது.

"பிளக்கச் சொருகும்போது கை எங்க இருக்கும்?" என்றார்.

"பிளக்குலதான் இருக்கும்."

"அது ஒரு கை. இன்னொரு கை?"

செந்தில் சிரித்துவிட்டார். ஆனால் என் பக்கம்தான் முடிவு சொன்னார். இவரும் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது நடுவில் ஒரு காவலையும் வைத்தார். பிளக் மாட்டும்போது எடுக்கிற எண், ஆபீசில் பதிந்த எண்ணிலிருந்து ஓர் எல்லைக்கு மேல் விலகியிருந்தால் அதை ஏற்காது. ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும். அந்த எல்லை எவ்வளவு என்று மாற்றுகிற இடம் என்னுடைய செட்டிங்ஸ் பக்கத்துக்குள் ஒளிந்திருந்தது. எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் மாடியில் முருகேசன் என்பவர் கேமிங் சென்டர் நடத்தினார். விஜயதசமி அன்று அங்கே ஒரு போட்டி. பத்து கீபோர்டு கேட்டார். எங்களுக்கு மொத்தமாக வந்த முதல் ஆர்டர். இது நன்றாக நடந்தால் மற்ற சென்டர்காரர்களும் வருவார்கள். செந்தில் என்னைக் கூப்பிட்டு, "இதை நீ பொறுப்பா முடிச்சுக் குடு. ஒன்னய நிரந்தரம் பண்றதப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார்.

பேக்கிங் செய்கிற நாள். பர்ம்வேர் எழுதியவர் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஒவ்வொரு கீபோர்டையும் பேக்கிங் மேசையில் வைத்து, மாட்டிப் பார்த்து, பெட்டியில் போட வேண்டும். முதல் கீபோர்டை மாட்டினேன். சிவப்பு மினுக்கியது. இரண்டாவதும் சிவப்பு. யாரும் பட்டனைத் தொடவில்லை. பத்தில் ஏழு சிவப்பு. அவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் பந்தியிலிருந்து எழுந்து வந்துவிடுவார். வந்தால் நாலு நாள் ஆகும். முருகேசனுக்குச் சாயங்காலம் பெட்டி போய்ச்சேர வேண்டும்.

செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, பத்து கீபோர்டிலும் அந்த எல்லையைக் கடைசி வரைக்கும் தள்ளி வைத்தேன். எவ்வளவு விலகினாலும் ஏற்றுக்கொள்ளும். சிவப்பு நின்றது. பட்டனெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு டீ குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

விஜயதசமி அன்று காலை எட்டு மணிக்கு முருகேசன் போன். எல்லாக் கீபோர்டிலும் நடுவில் இருக்கிற பட்டன்கள் செத்துக் கிடக்கின்றன, பத்து மணிக்கு ஆட்டம். இவருடைய ஸ்கூட்டரிலேயே இவரும் நானும் போனோம்.

மாடியேறினால் சாம்பிராணி வாசம். எல்லா மானிட்டரிலும் சந்தனம், குங்குமம். கீபோர்டின் ஓரங்களில்கூடப் பொட்டு. முருகேசன் நெற்றியில் பட்டையோடு நின்றார்.

"நேத்து பூஜையில எப்படிக் கும்பிட்டீங்க?" என்று இவர் கேட்டார்.

"எப்பயும் போலத்தான். ஒவ்வொரு மெசினுக்கும் தனித்தனியா எலை போட்டு, பொரிகடலை, பழம், ஒடச்ச தேங்கா வைப்போம். எல்லாம் அணைஞ்சிருக்கும். தீபாராதன காட்டுற நேரம் மெயினைப் போடுவேன். பத்துத் திரையும் ஒண்ணா எரியும். பாக்க அம்புட்டு அழகா இருக்கும். பூஜ போட்ட மெசின ராத்திரி அணைக்க மாட்டோம். இப்ப வரைக்கும் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"எலையை எதுக்கு மேல வச்சீங்க?"

"கீபோர்டு மேலதான். வேற எங்க எடம் இருக்கு?"

எனக்குப் புரிந்துவிட்டது. தேங்காய் மூடி பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்திருக்கிறது. அழுந்திய நிலைதான் சும்மா இருக்கிற நிலை என்று பத்து கீபோர்டும் எடுத்துக்கொண்டுவிட்டன. அதற்குப் பிறகு அழுத்தினால் எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். பத்தும் வேலை செய்தன.

"இம்புட்டுத்தானா பாப்பா?" என்று முருகேசன் மூச்சு விட்டார்.

இவர் மட்டும் சந்தோஷப்படவில்லை. "அந்தத் தேங்கா இருக்காங்க?" என்றார்.

"எதுக்கு?"

"இது மேல மறுபடி வைக்கணும்."

"பூஜ முடிஞ்சதுக்கப்புறம் படைக்கக் கூடாதுங்க."

"படைக்கல. எடைதான் வைக்கிறேன்."

மூலையில் கிடந்த தேங்காய் மூடியை அவரே தேடி எடுத்தார். ஒரு கீபோர்டைக் கழற்றி, நடுவில் தேங்காயை வைத்து, மாட்டினார். தேங்காயை எடுத்துவிட்டுப் பட்டனைத் தட்டினார். செத்துக் கிடந்தது. "கெட்டுருச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"செவப்பு எரியலையேம்மா."

நான் அந்தப் பட்டனையே மறுபடி தட்டிப் பார்த்தேன்.

"இம்புட்டு விலகுனா ஏத்துக்கக் கூடாதுல்ல. செவப்பு எரியணும்ல." பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். இரண்டு நிமிடம் போதும். எல்லை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடுவார்.

அப்போதுதான் கத்தினேன். ஆட வந்த பையன்கள், முருகேசன் எல்லார் முன்னாலும். "பத்து மணிக்கு ஆட்டம்ணே. வேலை செய்யிறத ஒரு தடவையாச்சும் வேலை செய்ய விடுங்களேன். ஒங்க கை பட்டாத்தான் எல்லாம் கெடுது. மூடி வையிங்க அத."

அவர் என்னைப் பார்த்தார். மடிக்கணினியை மூடினார். கீழே டீக்கடைக்கு இறங்கிப் போய்விட்டார். அந்த இரண்டு வருடத்தில் நான் திட்டி அவர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசி ஆட்டம். அணிக்கு ஐந்து பேர். பாதியில் கரண்ட் போனது. போய், உடனே வந்தது. ஆடுகிற பிள்ளைகள் கரண்ட் போனால் கையை எடுப்பார்களா? பத்துப் பேரும் விரலைப் பட்டன் மேல் அழுத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கை எங்கே இருக்கும் என்று அவர் கேட்டாரே, அந்தக் கை. கம்ப்யூட்டர்கள் திரும்ப வந்தபோது பாதிப் பேரால் நகர முடியவில்லை. எவன் என்ன செய்தான் என்று அடிதடி ஆகப் பார்த்தது. முருகேசன் ஆட்டத்தை நிறுத்தி, பழைய கீபோர்டுகளைக் கொண்டுவந்து மாட்டினார். எங்களுடையதைத் துடைக்காமல், சந்தனப் பொட்டோடு பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார்.

"கொண்டு போயிரு பாப்பா. அந்த ஆளு அப்பவே ஏதோ பாக்கணும்னாரு."

ஆபீசுக்கு வந்ததும், அவர் கைக்குப் போவதற்கு முன்னால், பத்து கீபோர்டிலும் எல்லையைப் பழைய இடத்துக்கே மாற்றி வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணைப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"எல்லைய யாராச்சும் தொட்டீங்களா?"

"இல்லண்ணே."

எதையும் நம்பாத மனிதர். எண்ணை மட்டும் நம்புவார். நான் மாற்றி வைத்த எண்ணை நம்பினார்.

யார் தப்பு என்று செந்தில் கேட்டார். "பர்ம்வேர்ல தடுத்திருக்கணும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற இவர், "ஆமா, தடுத்திருக்கணும்" என்று தலையாட்டினார்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளம், தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், பொரி எல்லாம் கொண்டுவந்தார். தன் மேசையில் கீபோர்டு மேல் படையல் வைத்தார். மாட்டினார். சிவப்பு மினுக்கியது. காவல் தன் வேலையைச் செய்கிறது. கழற்றினார். தேங்காயை இடது பக்கம் நகர்த்தி வைத்து மாட்டினார். சிவப்பு. இப்படித் தினமும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மேசையெல்லாம் எறும்பு. கொரியர்காரர் ஒருவர் தினமும் பூஜை நடக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். ஆபீசே சிரித்தது. இவர் மட்டும், கெடவே மாட்டேன் என்கிறதே என்று இளைத்துக்கொண்டே போனார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. அவர் மேல் எரிச்சல். நாலு பேரிடம் நாலு விதமாகக் கேட்டு என்னைக் கண்டுபிடித்திருக்க வேண்டியதுதானே? தேங்காயோடு மல்லுக்கட்டுகிறாரே. அந்த எரிச்சலில் திட்ட வாயெடுப்பேன். திட்டாமல் எழுந்து போய் அவருக்கு டீயும் வடையும் வாங்கி வருவேன். அவர் பொரியை அள்ளி என்னிடம் நீட்டுவார். தின்றேன். அதையும் தின்றேன்.

தை பிறந்ததும் வேலையை விட்டார். "ஓட்டை எங்கன்னு தெரியாம அடுத்த போர்டுக்கு எழுத முடியாதுங்க" என்று செந்திலிடம் சொன்னார். செந்தில் தடுக்கவில்லை. அந்த மாதமே என்னை நிரந்தரமாக்கினார்கள்.

கடைசி நாள் வாசலில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். "ரெண்டு வருசமா தெனமும் திட்டுன. ஆரப்பாளையத்துக்கு அப்புறம் ஒரு தடவகூடத் திட்டல. நடுவுல என்ன மாறுச்சும்மா?"

"ஒண்ணும் மாறலண்ணே. எனக்கும் வயசாகுதுல்ல."

"ம்" என்றார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு போனில் ஒரு படம் வந்தது. அவர் வீட்டில் ஒரு கீபோர்டு, அதன் மேல் இலை, பொரி, தேங்காய். ஓரத்தில் சிவப்பு விளக்கு. கீழே, "இந்த வருசமும் கெடலம்மா." கும்பிடுகிற பொம்மையை அனுப்பி வைத்தேன். அதற்கு அடுத்த வருடமும் படம், அதே வரி. வேறு வேலைக்குப் போய்விட்டார், மோட்டார்களுக்கு நிரல் எழுதுகிறார் என்று கேள்வி. இன்னும் இதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாரே என்று போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. இந்த வருடமும் வந்தது.

மறுநாள் ஸ்டோரில் கிடந்த பழைய கீபோர்டு ஒன்றை எடுத்தேன். எல்லையைக் கடைசிவரை தள்ளினேன். கைத்தறி நகருக்குப் போனேன்.

அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். அவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. வா என்றுகூடச் சொல்லவில்லை. என் கையிலிருந்ததைத்தான் பார்த்தார்.

"தேங்காய வச்சு இத மாட்டிப் பாருங்க" என்றேன்.

வைத்தார். மாட்டினார். சிவப்பு எரியவில்லை. தேங்காயை எடுத்துவிட்டுத் தட்டினார். பட்டன் செத்துக் கிடந்தது. "கெட்டுருச்சும்மா" என்றார். சத்தமே வரவில்லை.

"எல்லைய நான்தாண்ணே மாத்துனேன். ஆரப்பாளையத்துக்கு அனுப்புன பத்துலயும். அப்புறம் நீங்க பாக்குறதுக்குள்ள திருப்பி மாத்தி வச்சேன். ஒங்க கோடுல ஓட்டையே இல்ல."

சொல்லிவிட்டு நின்றேன். திட்டுவார், அழுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். வரும் வழியெல்லாம் அதற்குத்தான் தயாராகி வந்தேன். அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டு தன் பாஷையில் ஏதோ முனகினார். எண்ணுகிறார்.

"எதுக்கு மாத்துன?"

"மாட்டுனா செவப்பு எரிஞ்சுச்சு. யாரும் தொடாமலே."

"எத்தனையில?"

"ஏழுல."

"ஏன் எரிஞ்சுச்சு?"

"தெரியல."

"தெரியலையா?" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று வருடத்தைத் தொலைத்ததற்கு வராத கோபம் அப்போது வந்தது. "அதப் பாக்காமயா விட்ட? எந்த மேசையில வச்சு மாட்டுன?"

"பேக்கிங் மேசையில."

"அது மரமா?"

அதற்கு முன் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. "தகரம்ணே. இரும்புத் தகடு."

காந்தத்துக்கு அடியில் இரும்பு இருந்தால் எண் மாறும். அவர் எழுந்துவிட்டார். வீடு முழுக்கக் கண்ணை ஓட்டினார். அவர் கண் போய் நின்ற இடம் இரும்பு பீரோ.

"இதப் படுக்க வைக்கணும்" என்றார்.

"எதுக்கு? சும்மா பக்கவாட்டுல ஒட்ட வச்சுப் பாருங்க."

"செங்குத்தா வச்சா பட்டன் சரியும். எண்ணு தப்பும். நீ அந்தப் பக்கம் பிடி."

அவர் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. உள்ள என் கண்ணாடிச் சாமானெல்லாம் இருக்கு."

"அண்ணே, ஒங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றேன். மூன்று வருடமாக அடைத்துக் கிடந்தது மொத்தமாக வந்தது. "மூணு வருசமாத் தேங்காயக் கட்டிக்கிட்டு அழுதீங்க. இப்பத்தான் ஒரு முடிவு தெரிஞ்சிருக்கு. உக்காந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்காம, வீட்டுல இருக்கிற பீரோவக் கவுக்கப் பாக்குறீங்க. ஒங்க கூட மனுசன் இருப்பானா?"

அவர் பீரோவின் மேல் விளிம்பைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "முடிச்சிட்டியா?" என்றார். "அப்ப பிடி."

பிடித்தேன். கண்ணாடிச் சாமான்களை எடுத்து வைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. பீரோவைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். பீரோ முதுகின் தடம் அப்படியே சுவரில் கறுப்பாகத் தெரிந்தது. அதன் கதவு மேல் கீபோர்டை வைத்தார். எல்லையை நான் பழைய இடத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொன்னார், என்னையும் அவர் மனைவியையும். தூக்கிக்கொண்டு நின்றோம். பிளக்கைச் சொருகினார்.

சிவப்பு மினுக்கியது.

அவர் கீபோர்டைத் தூக்கி மர ஸ்டூல் மேல் வைத்து மாட்டினார். சிவப்பு இல்லை. மறுபடி பீரோ மேல். சிவப்பு. ஸ்டூல். இல்லை. அவர் மனைவி கையைக் கீழே போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

"இத எப்பண்ணே நிமித்துறது? எனக்கு பஸ்ஸு போயிரும்" என்றேன்.

"இருமா" என்றார். "பத்துல ஏழுதான எரிஞ்சுச்சு. அந்த மூணு ஏன் எரியல?"